“டீச்சர், இவ்ளோ பெருசா?” - 32 பிள்ளைகளும் ஒரு மாமல்லபுரப் பயணமும்

“அந்த யானை நம்ம பெஞ்சு அளவு இருக்குமா டீச்சர்?”

ஆறாம் வகுப்பில் பல்லவர் பாடம். என் கைபேசியை வகுப்பறை டி.வி.யில் இணைத்து, மாமல்லபுரத்து ‘அர்ச்சுனன் தபசு’ சிற்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். முதல் வரிசைப் பெண் இப்படிக் கேட்டதும், “பெஞ்சு இல்லடி, ஆட்டுக்குட்டி அளவு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருவன் எழுந்து வந்து டி.வி.யின் மேல் கையை வைத்து ஜாண் போட்டே அளந்துவிட்டான். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சிரிப்பு அடங்கியதும்தான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக இவர்களுக்குப் படம் படமாகக் காட்டியிருக்கிறேன். அந்தப் பாறை எவ்வளவு பெரியது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நான் நேரில் பார்த்தவள் என்பதால், அவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். டி.வி. திரையில் யானையும் எலியும் ஒரே உயரம்தானே?

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வகுப்பில் 32 பேர். “மாமல்லபுரம் போனவங்க கை தூக்குங்க” என்றேன். 2 கைகள். “சரி, கடல் பார்த்தவங்க?” 9 கைகள். அன்றைக்கே முடிவு செய்தேன், இவர்களை அழைத்துப் போக வேண்டும் என்று. ஆனால், போவதற்கு முன் அவர்களைத் தயார் செய்ய எனக்குக் கிடைத்த ஒரே துணை, எந்தக் கைபேசியைக் குறை சொன்னேனோ அதே கைபேசிதான்.

கைக்குள் ஓர் அருங்காட்சியகம்

கலையையும் கட்டடக் கலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இணையத்தில் இன்று கிடைப்பவற்றை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. நான் படித்தபோது பாடப்புத்தகத்தில் தபால்தலை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் இருந்தது.

நான் முதலில் போனது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பக்கத்துக்கு. அங்கே கோயில்கள், சிற்பங்கள் பற்றிய படங்களும் குறிப்புகளும் தமிழிலேயே இருக்கின்றன. அவர்கள் நடத்தும் இன்னொரு தளத்துக்குப் பெயர் ‘தகவலாற்றுப்படை’. என்ன அழகான பெயர்! பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரில் வரும் இன்னொரு பாணனிடம் “இந்த வழியாகப் போ, இன்ன ஊரைத் தாண்டு, இன்னாரைப் பார்” என்று வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. கோயிலுக்கும் சிற்பத்துக்கும் வழி சொல்லும் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்?

அடுத்தது, ‘கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்’. 2011-ல் 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கிய திட்டம் இது. செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சில ஓவியங்களை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால் தூரிகை இழுத்த தடம் வரை தெரிகிறது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-ல் தன் சேகரிப்பின் லட்சக்கணக்கான படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதில் சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனியைக் காட்டினேன். “நம்ம சாமி எப்படி டீச்சர் அமெரிக்கா போச்சு?” என்று ஒருத்தி கேட்டாள். அந்த வாரம் முழுக்க அதுவே பேச்சாக இருந்தது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது ‘ஸ்மார்ட்ஹிஸ்டரி’. பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஸக்கர் என்ற இரண்டு கலை வரலாற்று ஆசிரியர்கள் 2005-ல் தொடங்கியது. அவர்களுடைய காணொளிகளில் பாடம் ஒப்பிப்பதில்லை. ஒரு சிற்பத்தின் முன் இருவர் நின்றுகொண்டு, “இந்தக் கை ஏன் இப்படி இருக்கு?” “அட, ஆமாம், நிழலைப் பாருங்கள்” என்கிற மாதிரி பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

முதல் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். அந்த ஆங்கிலக் காணொளியை அப்படியே வகுப்பில் ஓடவிட்டேன். 5 நிமிடத்தில் பாதி வகுப்பு ஜன்னல் வழியே வெளியே பார்த்தது. மறுநாள் முதல் முறையை மாற்றினேன். காணொளியை வீட்டில் நான் பார்ப்பேன். வகுப்பில் ஒரே ஒரு படம். 2 நிமிடம் யாரும் பேசாமல் அதைப் பார்க்க வேண்டும். பிறகு இருவர் இருவராக வந்து, டி.வி. முன் நின்று, பார்த்ததைப் பேச வேண்டும். தப்பு, சரி கிடையாது.

31 பேர் பேசினார்கள். ஒருவன் மட்டும் பேசவே மாட்டான். கடைசி பெஞ்சு. அவனுடைய முறை வந்தால் டி.வி.யைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், தலையைக் குனிந்துகொள்வான். நானும் வற்புறுத்தவில்லை.

கயிற்றால் அளந்த பாறை

அளவுப் பிரச்னைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கிணற்றுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, 29 மீட்டர் அளந்து முடிச்சுப் போட்டேன். அர்ச்சுனன் தபசுப் பாறையின் நீளம் ஏறக்குறைய அவ்வளவு. உயரம் சுமார் 13 மீட்டர். விளையாட்டுத் திடலில் கயிற்றை நீட்டிப் பிடித்ததும், அது கொடிக்கம்பத்திலிருந்து குழாயடி வரை போனது. “உயரம்?” என்றார்கள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தென்னையைக் காட்டினேன். யாரும் பேசவில்லை. ஜாண் போட்டவன் மட்டும், “அய்யோ” என்றான்.

கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து பஞ்ச ரதங்களை வானத்திலிருந்து பார்த்தோம். நாலு ரதங்கள் ஒரே வரிசையில், ஒன்று மட்டும் சற்றுத் தள்ளி. “இது மட்டும் பின்பக்கம் வட்டமா இருக்கு டீச்சர்” என்றாள் ஒருத்தி. “அங்க போய்ப் பாரு, ஏன்னு தெரியும்” என்றேன்.

நிற்கும் யானையும் கல் யானையும்

ஒரு சனிக்கிழமை. விடிகாலை 5 மணிக்கு வண்டி கிளம்பியது. எலுமிச்சைச் சாதப் பொட்டலம், வாந்திக்குப் பிளாஸ்டிக் பை, துணைக்கு இரண்டு அம்மாக்கள். வந்தவாசியைத் தாண்டும்போது பாதிப் பேர் தூக்கம். திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

முதலில் பஞ்ச ரதங்கள். வாசலில் நுழைந்ததும் முதலாவதாக நிற்பது திரௌபதி ரதம். ஓலை வேய்ந்த குடிசை போலவே இருக்கும். “எங்க ஆயா வூட்டுக் கூரை மாதிரியே கீது!” என்று ஒருத்தி கத்தினாள். அவள் சொன்னது சத்தியம். மரத்திலும் ஓலையிலும் செங்கல்லிலும் கட்டிப் பழகிய கைகள், அதே வடிவத்தைக் கல்லுக்குக் கொண்டுவந்த காலம் அது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் குடைவரைக் கோயில் எடுத்த மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக்கொள்கிறான். அவன் மகன் முதலாம் நரசிம்மவர்மன்தான், இந்த ஊருக்குப் பெயர் தந்த மாமல்லன்.

ரதம் என்கிறோம், பாண்டவர் பெயர் வைத்திருக்கிறோம். இரண்டுமே பின்னால் வந்த பெயர்கள். இவை தேர்களும் அல்ல, பாண்டவர்களுக்குக் கட்டியவையும் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு விதமான கோயில் மாதிரி. குடிசைக் கூரை ஒன்று, வண்டிக்கூடு போல நீண்ட கூரை ஒன்று, அடுக்கடுக்காக ஏறும் தர்மராஜ ரதம் ஒன்று. கட்டடக் கலை சொல்லித்தர இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

வானத்திலிருந்து பார்த்தபோது பின்பக்கம் வட்டமாகத் தெரிந்ததே, அது நகுல சகாதேவ ரதம். அதன் அருகிலேயே கல்லில் ஒரு முழு யானை நிற்கிறது. பிள்ளைகளை யானைக்குப் பின்னால் நிற்கவைத்தேன். “யானையோட முதுகைப் பாருங்க. அப்புறம் கோயிலோட முதுகைப் பாருங்க.”

சில நொடிகள் அமைதி. பிறகு ஒரே கூச்சல். “ரெண்டும் ஒண்ணு டீச்சர்!”

இந்த வடிவத்துக்குத் தமிழில் ‘தூங்கானை மாடம்’ என்று பெயர். படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்ற கட்டடம். பக்கத்திலேயே யானையைச் செதுக்கி வைத்த அந்தச் சிற்பிக்குக் குறும்பு அதிகம். இந்தக் குறும்பைக் கைபேசித் திரையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எனக்கே பிடிபட்டதில்லை. ஒரு படத்தில் யானை இருக்கும், இன்னொரு படத்தில் கோயில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நாம்தான் நகர்ந்து நிற்க வேண்டும்.

தர்மராஜ ரதத்தின் முன் ஒரு கேள்வி போட்டேன். “மேல எல்லாம் நேர்த்தியா முடிஞ்சிருக்கு. கீழே சொரசொரன்னு அரைகுறையா இருக்கு. அப்போ வேலையை எங்க ஆரம்பிச்சிருப்பாங்க?” மூன்று பேர் ஒரே நேரத்தில் மேலே கை காட்டினார்கள். ஆமாம், மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சாரம் கட்டத் தேவையில்லை, பாறையேதான் சாரம்.

தவம் செய்யும் பூனை

அர்ச்சுனன் தபசு முன் வண்டி நின்றது. முதலில் இறங்கியது, பெஞ்சு அளவு கேட்டவள்தான். யானைகளைப் பார்த்தாள். உயிருள்ள யானை அளவு. காலடியில் குட்டிகள்.

“டீச்சர், இவ்ளோ பெருசா?”

அதற்கு மேல் அவளிடமிருந்து பேச்சு வரவில்லை. கயிறு, தென்னை எல்லாம் சொல்லியும், கண்ணால் பார்க்கும்போது அது வேறாகத்தான் இருக்கிறது.

பாறை நடுவில் ஒரு பிளவு. அதில் நாகர்கள் மேலேறி வருகிறார்கள். மேலே தண்ணீர் தேக்கும் அமைப்பு இருந்து, அந்தப் பிளவு வழியே நீர் வழிந்திருக்கலாம் என்கிறார்கள். ஒற்றைக்காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் செய்கிறான் ஒருவன். அவன் பாசுபதம் வேண்டிய அர்ச்சுனனா, கங்கையைப் பூமிக்கு அழைத்த பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் வாக்கெடுப்பு நடத்தினோம். பகீரதனுக்கு 20, அர்ச்சுனனுக்கு 11. பகீரதன் கட்சியின் வாதம்: “தண்ணி வர்ற எடத்துல கங்கைதானே வரும்?” அர்ச்சுனன் கட்சியின் வாதம்: “போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு!”

பெரிய யானைக்கு அருகே, அதே தவசியைப் போல இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும் பூனையைத் தேடச் சொன்னேன். கைபேசியில் அதைப் பெரிதாக்கி ஏற்கெனவே பார்த்திருந்ததால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு கும்பிட்டு நிற்கின்றன. அங்கே நின்றிருந்த வெளியூர்க் குடும்பம் ஒன்றுக்கு எங்கள் பிள்ளைகளே வழிகாட்டிகளாகி, பூனையையும், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும் காட்டினார்கள். 2 நிமிடம் பேசாமல் பார்த்துப் பழகிய பழக்கம் இங்கேதான் பலித்தது.

குழிகள் சொன்ன பாடம்

மதியச் சாப்பாடு முடித்து, பின்னால் இருக்கும் குன்றின் மேல் ஏறினோம். ‘கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை’ முன் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டினார்கள். எண்ணிப் பார்த்தேன். 31 பேர். எனக்குப் பகீரென்றது.

சற்றுத் தள்ளி, சிற்பமே இல்லாத வெறும் பாறை ஒன்றின் பக்கத்தில் குந்தியிருந்தான் அவன். கடைசி பெஞ்சு. ஓடிப் போய், “டேய், சொல்லாம வரலாமா?” என்று அதட்டினேன். அவன் நிமிராமல், பாறையில் வரிசையாக இருந்த சின்னச் சின்னக் குழிகளை விரலால் தொட்டுக்கொண்டே சொன்னான்.

“இது பொளக்கப் போட்ட குழி டீச்சர்.”

“என்ன?”

“எங்கப்பா குவாரில வேல செய்றாரு. நான் சோறு எடுத்துக்கினு போவேன். இப்படித்தான் வரிசையா குழி போடுவாங்க. ஒவ்வொண்ணுலயும் ஆப்பு வெச்சு, சம்மட்டியால இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மாத்தி மாத்தி அடிப்பாங்க. ஒரே எடத்துல அடிச்சா கல்லு ஒடஞ்சு வீணாப் போயிடும். சத்தம் மாறும். அப்போ நிறுத்திடணும். அதுவே பொளந்துக்கும்.”

ஒரு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய வார்த்தைகளை எல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எங்க வேணும்னாலும் குழி போடலாமா?”

“இல்ல டீச்சர். கல்லுக்கு ஒரு வாட்டம் இருக்குது. அது பாத்துத்தான் போடணும். எங்கப்பா தட்டிப் பாத்தே சொல்லிடுவாரு.” பிறகு கொஞ்சம் எட்டிப் பார்த்து, “இங்க பாருங்க, குழி போட்டுட்டு அப்படியே வுட்டுட்டாங்க. பொளக்கல” என்றான்.

அதற்குள் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றுவிட்டார்கள். “இன்னொரு தபா சொல்றா” என்றான் ஜாண் போட்டவன். அவன் சொன்னான். மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை எழுந்து நின்று, சம்மட்டி பிடிப்பது போல் கையை வைத்துக் காட்டினான்.

நான் எத்தனை தளங்களைத் திறந்து பார்த்திருக்கிறேன்! அரசன் பெயர், ஆண்டு, பாணி எல்லாம் மனப்பாடம். கல்லின் சத்தம் மாறும் என்று ஒரு பக்கத்திலும் நான் படிக்கவில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவன் என் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் அவனிடம் டி.வி. படத்தைக் காட்டி ‘பேசு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

திரும்பும் வழியில் சிற்பக் கூடங்கள். 1957-ல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கும் ஊர் ஆயிற்றே. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சாலையோரக் கூடம் ஒன்றில் உளிச் சத்தம் கேட்டு அவன் நின்றான். வேலை செய்துகொண்டிருந்த பெரியவர், “என்னப்பா பாக்குற?” என்றார். “எங்கப்பாவும் கல்லு வேலைதான்” என்றான். அதுவரை, அப்பா என்ன வேலை என்று யார் கேட்டாலும் ‘கூலி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன்.

கடலோரம் ஒரு கோயில்

சாயங்காலம் கடற்கரைக் கோயில். ராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்துக் கட்டடம். ரதங்கள் பாறையைச் செதுக்கி எடுத்தவை. இதுவோ கல்லை வெட்டி, அடுக்கிக் கட்டியது. “அது குடைஞ்சது, இது அடுக்கினது” என்று பிள்ளைகளே வித்தியாசம் சொன்னார்கள். 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தவற்றில் இரண்டுமே அடக்கம்.

ஆனால், இங்கே சிற்பங்களின் முகங்கள் தேய்ந்திருக்கின்றன. உப்புக் காற்று 1300 ஆண்டுகளாக மூக்கையும் கண்ணையும் அரித்துவிட்டது. “இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணுமே தெரியாதா டீச்சர்?” என்றாள் ஒருத்தி. காற்றையும் அலையையும் தடுக்கச் சவுக்கு மரங்களையும், கல் கொட்டிய தடுப்பையும் காட்டினேன். அப்போதுதான் கைபேசிக்கு இருக்கும் இன்னொரு வேலையும் சொன்னேன். ஆப்கானிஸ்தானில் 2001-ல் பாமியான் புத்தர் சிலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்குப் பிறகு, 2003-ல் ‘சைஆர்க்’ என்ற அமைப்பு தொடங்கியது. உலகத்து நினைவுச் சின்னங்களை லேசர் கருவியால் அளந்து, முப்பரிமாணமாகப் பதிந்து வைக்கிறார்கள். கல் தேய்ந்தாலும், அதன் அளவும் வடிவமும் நமக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காக. படம் எடுப்பது பெருமைக்கு மட்டும் இல்லை என்று அன்று அவர்களுக்குப் புரிந்தது.

பிறகு கடல். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. 23 பிள்ளைகள் முதன்முறையாகக் கடலைப் பார்க்கும்போது எழும் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. பெரும்பாணாற்றுப்படையில், இரவில் விளக்கேற்றிக் கப்பல்களை அழைக்கும் உயர்ந்த மாடம் ஒன்று வருகிறது. அது இருந்த ‘நீர்ப்பெயற்று’ என்ற துறைமுகம் இந்த ஊர்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஆற்றுப்படைக்கும் மாமல்லபுரத்துக்கும் உறவு இன்று நேற்று வந்ததில்லை போலிருக்கிறது.

வண்டியில் என் கைபேசியை வாங்கி அப்பாவுக்குப் பேசினான் அவன். “கல்லு எப்படிக் கீதுடா?” என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். அரை மணி நேரம் கைபேசி திரும்பி வரவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

* போவதற்கு முன், வீட்டில் வைஃபை கிடைக்கும் இடத்திலேயே படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்து சிக்னலை நம்ப வேண்டாம்.
* ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். முதலில் பிள்ளைகள் பார்க்கட்டும், பேசட்டும். விவரத்தைக் கடைசியில் சொல்லுங்கள்.
* அளவைக் கயிற்றால் காட்டுங்கள். மொட்டை மாடி, தெரு, திடல் எதுவானாலும் சரி.
* தமிழில் படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் தகவலாற்றுப்படையும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கு ஸ்மார்ட்ஹிஸ்டரி, சஹாபீடியா.
* இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாமல்லபுரத்தில் ரதங்களைக் காலை வெயிலிலும், கடற்கரைக் கோயிலை மாலையிலும் பாருங்கள்.
* சிற்பங்களைத் தொட விடாதீர்கள். தொட ஆசைப்பட்டால் வெறும் பாறைகள் நிறைய இருக்கின்றன. அதிலும் பாடம் உண்டு!
* கட்டாயம் கேளுங்கள்: “உங்க வீட்டுல யாராவது கல்லு, மரம், மண்ணு, இரும்பு வேலை செய்றாங்களா?”

அடுத்த வாரம் வகுப்பில் எல்லோரா கைலாசநாதர் கோயிலை டி.வி.யில் காட்டினேன். ஒரு மலையையே செதுக்கி எடுத்த கோயில். வழக்கம் போல 2 நிமிட அமைதி. “யாரு வர்றீங்க?” என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். டி.வி.யைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தலையைக் குனியவில்லை.

“இதுவும் மேல இருந்துதான் ஆரம்பிச்சிருப்பாங்க” என்றான். பிறகு, “டீச்சர், இது எத்தனை கயிறு?” என்று கேட்டான்.